ஒரு காசுப் பத்திரிகையும் நெகிரி செம்பிலான் தோட்டத்து வாசகரும்



மலாயாத் தமிழ்ப் பத்திரிகை வரலாறு என்றதும் மாணவர்கள் இரண்டு வரியை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். 1924 - தமிழ் நேசன். 1935 - தமிழ் முரசு. அதோடு சரி. ஆண்டும் பெயரும் சரியாக இருந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் பத்திரிகைகள் *தொடங்கிய* ஆண்டுகள். தொடங்குவது அவ்வளவு பெரிய காரியமில்லீங்க. அந்தக் காலத்தில் தொடங்கிய தமிழ்ப் பத்திரிகைகள் நிறைய. தொடர்ந்து வந்தவைதான் குறைவு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளுக்கு ஐம்பது காசு கூட முழுசாகச் சம்பளம் கிடைக்காத தோட்டத் தொழிலாளியை வாடிக்கையாளராக நம்பி, சிறிய முதலோடு நடந்த ஒரு வியாபாரம், எப்படி ஐம்பது, அறுபது, தொண்ணூறு ஆண்டு தாக்குப்பிடித்தது?

இதை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நின்று பார்ப்போம். காரணம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் பெரிய தமிழ்ப் பத்திரிகை எதுவும் அச்சாகவில்லை. நேசன் கோலாலம்பூரிலிருந்து வந்தது, முரசு சிங்கப்பூரிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது நம் மாநிலம். அதாவது, நாம் வாசகர் பக்கத்தில் இருந்தவர்கள். பத்திரிகை வரலாற்றைப் பெரும்பாலும் ஆசிரியர் நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறார்கள். லயத்து வாசலிலிருந்து பார்த்தால் அதே கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

முதலில் வாசகர் யார் என்று பார்த்துவிடுவோம்.

சிரம்பான் - போர்ட்டிக்சன் ரயில் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. அப்போது இந்தப் பக்கம் காப்பித் தோட்டங்கள். பிறகு காப்பி விலை சரிந்து, ரப்பர் வந்தது. ரந்தாவ் பக்கம் லின்சம், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், பகாவ் பக்கம் கெடிஸ், கிம்மாஞ்சே பக்கம் ரீஜண்ட், அப்புறம் லாபு, நீலாய் என்று பால்மரக் காடு விரிந்தது. ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின், கங்காணி முறையில் ஆட்கள் வந்தார்கள். கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சொந்தபந்தங்களையே கூட்டிவந்த முறை அது. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. (தேர்வில் இந்த இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1910, 1938 - இரண்டு ஆண்டும் நினைவில் இருக்கட்டும்.)

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு முக்கியமான திருப்பம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். நடந்த பள்ளிகள் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். ஒற்றைக் கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார், பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கேதான் உருவானது. இன்றைக்கு நெகிரி செம்பிலானில் இருக்கும் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இன்னும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வரலாற்றால்தான். தோட்டம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அது இன்னொரு கதை.

1923-இல் சட்டம், 1924-இல் தமிழ் நேசன். ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பள்ளி பெருகாமல் இருந்திருந்தால் அடுத்த பதினைந்து ஆண்டில் பத்திரிகைக்கு வாசகர் கிடைத்திருக்க மாட்டார்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். நேசனுக்கு முன்பும் இந்த மண்ணில் தமிழ்ப் பத்திரிகைகள் இருந்தன. சிங்கப்பூரில் 1887-இல் மகுதூம் சாகிபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தீனோதய அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். நல்ல பத்திரிகை. செய்தி, வணிகத் தகவல், கவிதை எல்லாம் இருந்தது. 1890-க்குள் நின்றுவிட்டது. அதற்கும் முன்னால் 1870-களில் வந்தவற்றுக்கு இன்று பெயர் மட்டும்தான் மிச்சம். 1929-இல் வந்த 'முன்னேற்றம்' இதழும் நெடுங்காலம் நிற்கவில்லை.

ஏன் நின்றன? அறிவு போதாமல் இல்லை, ஆர்வம் போதாமலும் இல்லை. கணக்கைப் பாருங்க. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சுக்கோக்க வேண்டும். தமிழுக்கோ எழுத்து அதிகம். காகிதம் கப்பலில் வர வேண்டும். தபால் செலவு வேறு. இவ்வளவும் முன்கூட்டியே கையிலிருந்து போகிற பணம். வரவோ சந்தாவில். சந்தாதாரரோ "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரரும் பத்திரிகை நாலு பேர் கையில் புழங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நாலு பேர் கையில் புழங்க வேண்டுமென்றால், வாசகருக்கு 'இந்தக் கிழமை வரும்' என்ற நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கை வருவதற்குள் முதல் தீர்ந்துவிடும். பெரும்பாலான பத்திரிகைகள் செத்தது இந்த இடைவெளியில்தான்.

தமிழ் நேசன் 10.9.1924 அன்று கோலாலம்பூரில் தொடங்கியது. தொடங்கியவர் நரசிம்ம ஐயங்கார். இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தங்கை நேசன், சிங்கை நேசன், தமிழ் நேசன் - மூன்று 'நேசன்'களும் வேறு வேறு. முதல் இரண்டும் 19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர். மூன்றாவது 20-ஆம் நூற்றாண்டுக் கோலாலம்பூர்.

நேசன் பிறந்து ஐந்தாறு ஆண்டுக்குள் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்த நாள் சம்பளத்தை வெட்டினார்கள். ரப்பர் விலை பவுண்டுக்குச் சில காசு என்ற நிலைக்கு விழுந்தது. வேலையில்லாத தொழிலாளர்களை அரசே கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1930 முதல் மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படித் திரும்பினார்கள். பத்திரிகைக்காரர் கண்ணோட்டத்தில் நினைத்துப் பாருங்க: வாடிக்கையாளர்களே கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்! அந்தச் சமயத்தில் நேசன் நிற்கவில்லை என்பதே ஒரு செய்திதான்.

அந்தச் சரிவிலிருந்து தோட்டங்கள் மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரத்தில், 6.7.1935-இல், சிங்கப்பூரில் தமிழ் முரசு வந்தது. பின்னணியில் தமிழர் சீர்திருத்தச் சங்கம். முன்னணியில் திருவாரூரிலிருந்து 1924-இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்துபோன பிறகு சுயமரியாதைக் கருத்துகள் இங்கே வேகமெடுத்திருந்தன; முரசு அந்த அலையில் பிறந்த பத்திரிகை.

முரசின் முதல் முடிவு விலையைப் பற்றியது. வார இதழ், ஒரு காசு. இதை ஏதோ தாராள மனசு என்று மட்டும் பார்க்கக்கூடாது. சாரங்கபாணி யாருக்கு விற்க நினைத்தார் என்பதை அந்த ஒரு காசு காட்டுகிறது. பட்டணத்துச் செட்டியார் கிட்டங்கிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் என்றால் ஐந்து காசு, பத்து காசு வைத்திருக்கலாம். தோட்டத்தையும் துறைமுகத்தையும் நினைத்தால்தான் ஒரு காசு வரும். ஒரு காசில் லாபம் வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? முதலில் பழக்கம் வரட்டும், வரவு பிறகு வரட்டும் என்ற கணக்கு அது. சில ஆண்டுகளிலேயே முரசு நாளிதழாகிவிட்டது.

சிங்கப்பூரில் அச்சான பத்திரிகை நம் பக்கம் எப்படி வரும்? ஜொகூர் வழியாக ரயில் பாதை 1909-இல் முடிந்தது. 1923-இல் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. வடக்கே வரும் ரயில் நெகிரி செம்பிலானுக்குள் நுழையும் இடம் கிம்மாஸ். அங்கிருந்து ஒரு பாதை பகாவ் பக்கம் பிரியும். இன்னொன்று தம்பின், ரெம்பாவ், சிரம்பான், லாபு, நீலாய் என்று போகும். வரைபடத்தில் இந்த நிலையங்களை ஒரு பக்கமும், சுற்றியுள்ள தோட்டப் பெயர்களை மறுபக்கமும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு வரலாறும் புவியியலும் ஒரே நேரத்தில் புரிந்துவிடும்.

தோட்டத்துக்குள் வந்த ஒரு பிரதி ஒரு வாசகரோடு நிற்காது. விடியற்காலைப் பெரட்டு, பிறகு நிரைக்குப் போய் மரம் வெட்டு, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து முடிய மதியம் தாண்டிவிடும். மாலையில் எழுத்து தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். விற்ற பிரதியின் எண்ணிக்கையை வைத்து அந்தக் காலத்துப் பத்திரிகையின் வீச்சைக் கணக்கிட முடியாது என்று சொல்வது இதனால்தான். கேட்டவரும் வாசகர்தான். ஆனால் கேட்டவர் காசு கொடுக்கவில்லை! பத்திரிகை முதலாளிக்கு இது பெருமையா, நட்டமா என்று வகுப்பில் ஒரு விவாதம் வைத்துப் பாருங்க, சுவாரசியமாக இருக்கும்.

படித்ததும் கேட்டதும் சும்மா போகவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கூலி உயர்வு மட்டுமல்ல, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போராட்டம் நெகிரி செம்பிலான் வரை பரவியது. பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரின் பெயர் தோட்டத்துக்குள் செல்லுபடியாகியிருக்கிறது என்றால், அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததா? பதினேழு ஆண்டாக வந்துகொண்டிருந்த பத்திரிகைக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். பத்திரிகைகள் நின்றன, சயாம் ரயில் பாதைக்குப் போன தோட்ட ஆண்களில் பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்த மறுதொடக்கம்தான் நம் கட்டுரையின் முக்கியமான பகுதி. 1950-களில் நேசனும் முரசும் செய்த சில காரியங்களை இன்றைக்கு வணிகப் படிப்பு படிக்கிறவர்கள் 'வாடிக்கையாளரை வளர்த்தெடுத்தல்' என்பார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் வைக்கவில்லை. செய்தார்கள்.

முதலில் நேசனின் 'கதை வகுப்பு'. 1950-இல் தொடங்கியது. சுப. நாராயணன் 'கந்தசாமி வாத்தியார்' என்ற பெயரிலும், பைரோஜி நாராயணன் 'வானம்பாடி' என்ற பெயரிலும் பத்திரிகையிலேயே சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் வரும், பயிற்சி வரும், வாசகர் எழுதி அனுப்புவார், அதைத் திருத்திக் கருத்துச் சொல்வார்கள். பெயரிலேயே 'வாத்தியார்' என்று வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். தோட்டத்துத் தமிழருக்கு எழுத்து சம்பந்தப்பட்ட, நம்பகமான ஒரே உருவம் வாத்தியார்தான். அந்த உருவத்தையே பத்திரிகைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதும் எல்லோரும் இந்த வகுப்பைக் குறிப்பிடாமல் போவதில்லை. பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அங்கே பாடம் எழுதியவர்கள்.

காலத்தையும் கவனியுங்கள். 1950, 51 என்பது கொரியப் போர் காலம். ரப்பர் விலை மளமளவென்று ஏறியது. அதே நேரத்தில் அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. மாலைக்குப் பிறகு வெளியே போக வழியில்லாதவர் கையில் கொஞ்சம் காசும் நிறைய நேரமும் இருந்தன. இதைத் திட்டமிட்டுத்தான் வகுப்பைத் தொடங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலம் கைகொடுத்தது.

1953 வாக்கில் நேசனுக்கு இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமி வந்து சேர்ந்தார். 1957 வரை இருந்தார். ஏற்கெனவே பெயர் பெற்ற எழுத்தாளர் இங்கே வந்து ஞாயிறு பதிப்பைக் கவனித்தார், எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். (அவருக்குச் சாகித்ய அகாதமி விருது மறைவுக்குப் பின் 1970-இல் கிடைத்தது. எஸ்டிபிஎம் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) கதை வகுப்பு கையைப் பிடித்து எழுதவைத்தது, அழகிரிசாமி எழுதியதைத் தட்டிப் பார்த்தார். இரண்டும் தேவைதானே!

முரசு வேறு வழியில் போனது. அது பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பிடித்தது. 1950-களின் தொடக்கத்தில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை ஆரம்பித்தார்கள். வை. திருநாவுக்கரசு அதை வளர்த்தவர். மாணவர்கள் உறுப்பினராகச் சேரலாம். கட்டுரை, கவிதை, துணுக்கு எழுதி அனுப்பலாம். அச்சில் பெயர் வரும்.

ஆசிரியர்களே, உங்களுக்கு இதன் பலத்தை விளக்கத் தேவையில்லை. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பெயர், பள்ளிப் பெயரோடு, அச்சில் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? பத்திரிகை வாங்காத அப்பா அன்றைக்கு வாங்குவார். படிக்கத் தெரியாத பாட்டி அதை மடித்துப் பெட்டிக்குள் வைப்பார். அடுத்த வீட்டுப் பிள்ளை தானும் எழுதும். வாத்தியார் வகுப்பில் காட்டுவார். ஒரு சின்னப் பெயர், ஒரு லயம் முழுக்க வாசகர். ஆனால் ஒரே ஒரு வாரம் அந்தப் பகுதி வந்து, அடுத்த வாரம் காணாமல் போயிருந்தால்? எழுதி அனுப்பிய பிள்ளை காத்திருந்து காத்திருந்து விட்டுவிடும். மணிமன்றத்தின் வெற்றி அதன் கருத்தில் மட்டும் இல்லை, வாரம் தவறாமல் வந்ததில் இருக்கிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதைத்தான்.

அம்மி நகர்ந்தும் விட்டது. பத்திரிகைப் பகுதியாக ஆரம்பித்தது, ஊர் ஊராகத் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்தது. அவை சேர்ந்து பேரவையும் ஆனது. பட்டணங்களிலும் தோட்டங்களிலும் பேச்சுப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று ஒரு தலைமுறையே அதில் பழகியது. இன்று இளைஞர் இயக்க வரலாறு படிக்கும் மாணவர்களில் பலருக்கு, அந்த இயக்கத்தின் வேர் ஒரு பத்திரிகையின் பிள்ளைகள் பக்கம் என்பது தெரியாது.

சாரங்கபாணி 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாளும் இந்த வரிசையில் வரும். பொங்கலை ஒட்டிச் சமய வேறுபாடு பார்க்காமல் தமிழர் கூடும் விழா. விழா நடக்கும் ஊரெல்லாம் செய்தி எழுதி அனுப்பும், முரசு போடும், போட்டதைப் பார்த்து அடுத்த ஊர் நடத்தும்.

இப்படிச் சேர்த்துவைத்த நம்பிக்கையை அவர் எதற்குச் செலவழித்தார் என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையப் போகிறது. அதில் எந்த மொழி? சமஸ்கிருதத்துக்கு முதலிடம் என்ற யோசனை எழுந்தபோது, இந்த நாட்டில் வாழும் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், ஆகவே தமிழ்தான் என்று முரசு விடாமல் எழுதியது. எழுதினால் போதுமா? துறைக்கு நூலகம் வேண்டும், பணம் வேண்டும். 'தமிழ் எங்கள் உயிர்' நிதி பிறந்தது. பெரிய பணக்காரர் நாலு பேரிடம் வாங்காமல், சாதாரண மக்களிடம் சிறு தொகையாகச் சேர்த்தார்கள். தோட்டத் தொழிலாளரும் கொடுத்தார்கள். துறை 1956-இல் அமைந்தது. பிறகு கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் 1961-இல் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

தேர்வில் இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்கப்படும். ஆனால் சங்கிலியை முழுசாகப் பாருங்க. ஒரு காசுப் பத்திரிகை, இருபது ஆண்டுப் பழக்கம், பிள்ளைகள் பக்கம், அதன் பிறகுதான் 'பணம் கொடுங்கள்' என்ற வேண்டுகோள். 1935-இலேயே சாரங்கபாணி பல்கலைக்கழகத்துக்கு நிதி கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்? அந்தப் பெயரே அப்போது யாருக்கும் தெரியாது.

நெகிரி செம்பிலானுக்குத் தனியாகச் சொந்தம் கொண்டாட ஒரு விஷயம் உண்டு. இந்த மாநிலத் தோட்டங்களில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியவர் பி.பி. நாராயணன். 1954-இல் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனபோது அதை வழிநடத்தியவர். அந்தச் சங்கம் 'சங்கமணி' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியது. சங்கத்தைப் பற்றி இன்று பல விமர்சனங்கள் உண்டு, நியாயமானவையும் உண்டு. ஆனால் கூலி ஒப்பந்தம் என்றால் என்ன, ரப்பர் விலை ஏறினால் சம்பளம் எப்படி மாறும் என்று தொழிலாளிக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்த பத்திரிகை அது. கிராணி சொல்வதுதான் கணக்கு என்று இருந்த காலம் மாற அதுவும் உதவியது.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று நினைத்துவிட வேண்டாம். 1963-இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் முரசே நின்றது. தொழிலாளிக்காகக் குரல் கொடுத்த பத்திரிகையில் தொழிலாளர் வேலைநிறுத்தம்! இதை மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். குறைந்த விலைக்கு விற்ற பத்திரிகை, நல்ல சம்பளம் கொடுக்கும் நிலையில் இல்லாமல் போவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்தான். இடைவெளியில் 'தமிழ் மலர்' வந்தது, வாசகர் பிரிந்தார்கள். முரசு மீண்டும் வந்தது என்றாலும் சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாடுகளாகிவிட்ட பின் அதன் பழைய பரப்பு திரும்பவில்லை. சாரங்கபாணி 1974-இல் மறைந்தார்.

நேசன் 1970-களில் முருகு சுப்பிரமணியம் ஆசிரியராக இருந்தபோது 'பவுன் பரிசு' திட்டத்தை நடத்தியது. நல்ல சிறுகதைக்கு ஒரு தங்கப் பவுன். கதை வகுப்பில் படித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அதற்காகப் போட்டிபோட்டு எழுதியது. தங்கத்தின் மதிப்பு நம் மக்களுக்கு எப்படி என்று தெரிந்து வைத்த பரிசு அது. பத்து வெள்ளி கொடுத்தால் செலவாகிவிடும், பவுன் பெட்டியில் இருக்கும்.

அதற்குள் தோட்டமே மாறத் தொடங்கியிருந்தது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்தது இதற்கு எதிர்வினை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. பிறகு நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்தில் ஒரு பிரதியைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்த வாசகர் கூட்டம், அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிப் போனது.

தமிழ் நேசன் 31.1.2019-உடன் நின்றது. 94 ஆண்டு. தமிழ் முரசு சிங்கப்பூரில் இன்றும் வருகிறது. 1995 முதல் அது பெரிய பத்திரிகை நிறுவனத்தின் கையில். இதனால் முரசு வென்றது, நேசன் தோற்றது என்று எழுதிவிட வேண்டாம். ஒன்றுக்கு நிறுவனமும் அரசும் தாங்கும் சூழல் அமைந்தது. மற்றது சந்தையில் தனியாக நின்றது. காரணங்களை ஒப்பிட்டு எழுதும் கேள்வி வந்தால் இந்த வேறுபாட்டைச் சொன்னால் விடை கனமாக இருக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வேலை. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை எண்மப்படுத்தி வைத்திருக்கிறது. மாணவர்கள் தங்கள் பள்ளியின் பழைய தோட்டப் பெயரை அதில் தேடட்டும். ஒரே எழுத்துக்கூட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது. 'நெகிரி செம்பிலான்', 'நெக்ரி செம்பிலான்', 'சிரம்பான்', 'செரம்பான்', 'எஸ்டேட்', 'தோட்டம்' என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். விழாச் செய்தியிலோ, நிதிப் பட்டியலிலோ, மணிமன்றப் பக்கத்திலோ தங்கள் தோட்டத்துப் பெயர் அகப்பட்டால், அந்தத் தேதியையும் செய்தியையும் நோட்டில் எழுதி, வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் அதே பக்கத்தில் கீழே எழுதிவைக்கட்டும்.